நாப்பத்திமூணு பேருக்கு அளவுச் சாப்பாடு

வாங்க தம்பி. பாத்திரக் கடையில இருந்துதானுங்களே? பொழுதோட வந்து எடுத்துக்கறேன்னீங்க, சொன்ன மாதிரியே வந்துட்டீங்க. உட்காருங்க. தட்டு அம்பது, டம்ளரு, கரண்டி, அடியில விளக்கெரியற அந்த மூடி போட்ட பாத்திரம் ஆறு, எல்லாம் கழுவித் தொடச்சு அந்த மூலையில வச்சிருக்குது. பெரிய அண்டா ரெண்டு மட்டும் இல்லீங்க. எங்க ஊட்டுக்காரரு சோத்தோட அதை வண்டியில ஏத்திக்கிட்டு முதியோர் இல்லத்துக்குப் போயிருக்காரு. அரை மணி நேரத்துல வந்துருவாரு.

ஆமாங்க, சோத்தோடதான். மிஞ்சிப் போச்சு. இதை நீங்க வெளிய சொல்லீராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். துளசிமணி ஊட்டுல சோறு மிஞ்சுச்சுன்னு தெரிஞ்சா இந்த ஊருல நான் தலை நிமிந்து நடக்க முடியாது.

நான் ஆருன்னு தெரீமுங்களா? முப்பத்தோரு வருசம் சத்துணவு அமைப்பாளரா இருந்தவ. மூணு பள்ளிக்கூடம் பாத்தாச்சு. சின்னப் பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி, பெரிய பிள்ளைக்கு நூத்தம்பது. காலைல எத்தனை பிள்ளைக வந்திருக்குதுன்னு பாத்துட்டு அரிசியை நிறுத்துக் குடுத்தன்னா, மத்தியானம் அண்டாவைக் கவுத்தினாலும் ஒரு பருக்கை விழுகாது. அப்படி ஒரு கை எனக்கு. பத்தாமப் போச்சான்னு கேளுங்க. போகுல. சாம்பாரு தண்ணியா இருக்குதுன்னு வாத்தியாருங்க சொல்லுவாங்க. தண்ணியா இருந்தா என்னுங்க, பத்துச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க.

ஊட்டு விசேசமும் அப்படித்தான். மாமனாரு காரியம், மக சீரு, வருசா வருசம் நோம்பி, எல்லாத்துக்கும் நான்தான் அளவு. மிஞ்சாது, கொறையாது. எங்க ஊட்டுக்காரரு தங்கமான மனுசன், ஒரு பழக்கம் மட்டும் ஆகாது. கடைசிப் பந்தி உட்காரப் போற நேரமாப் பாத்து மொபெட்டை எடுத்துட்டுக் கிளம்பீருவாரு. எங்க போறீங்கன்னா பெட்ரோல் போடம்பாரு. ஊட்டுல விசேசம் நடக்கறப்பத்தான் அவருக்குப் பெட்ரோல் தீரும். திரும்பி வர்றப்பப் பாத்தா சட்டையெல்லாம் ஓட்டல் சாம்பாரு வாசம். ஊட்டுல ஆக்கி வச்சுட்டு வெளிய போயித் திங்கறவரை என்ன பண்றது சொல்லுங்க. எத்தனையோ தடவை சண்டை போட்டுட்டேன், எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு.

சரி, அது கிடக்குது. இன்னைக்கு இத்தனை பாடும் எங்கண்ணனுக்காகத்தானுங்க. நல்லசிவம்னு பேரு. வெள்ளாங்கோயில் பக்கம் தோட்டம். எங்கண்ணன் எங்க ஊட்டுல கை நனைச்சு ஒம்பது வருசமாச்சு.

ஒம்பது வருசத்துக்கு முன்னால எம்பட மக கோகிலாவுக்கு நிச்சயம், இதே ஊட்டுல. நூத்தியிருவது பேரு. அண்ணன் தாய்மாமனில்லீங்களா, இடுப்புல துண்டைக் கட்டிக்கிட்டு அத்தனை பந்திக்கும் அதுதான் பரிமாறுச்சு. எல்லாரையும் தாட்டி விட்டுட்டுக் கடைசியா வந்து உட்கார்ந்துச்சு. எலை போட்டாச்சு, தண்ணி தெளிச்சாச்சு, ஊறுகாயும் வச்சாச்சு. சோத்துக் குண்டானைப் பாத்தா வழிச்சு வச்ச மாதிரி இருக்குது. அன்னைக்கு எங்க ஊட்டுக்காரரு மொபெட்டைத் தொடவே இல்லீங்க. சம்மந்தி அவரு கையைப் புடிச்சுப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டாரு. அன்னைக்கு ஒரு நாள்தான் மனுசன் ஒழுங்கா ஊட்டுல இருந்தாரு, அன்னைக்குன்னு பாத்து இப்படி ஆச்சு.

அண்ணன் அஞ்சு நிமிசம் அந்த எலை முன்னால உட்கார்ந்திருந்துச்சு. அப்புறம் வெறும் எலையை மூடி வச்சுட்டு எந்திரிச்சு, "அம்மிணி, என்னைக் கணக்குல சேர்த்துலயா?"ன்னு கேட்டுச்சு. நான் உள்ளதைச் சொன்னேன், "இல்லீங்கண்ணா"ன்னு. பின்ன, பொய்யா சொல்ல முடியும்? ஊட்டாளுகளை நான் எப்பவும் கணக்குல சேர்த்தறதில்லீங்க தம்பி. நான், எங்க ஊட்டுக்காரரு, கோகிலா, எங்கண்ணன். நாங்க மிஞ்சறதைத் திம்போம். எம்பட அளவுல மிஞ்சாது, அது வேற விசயம். பன்னு, ரொட்டி எதையாச்சும் தின்னுட்டுப் படுத்துக்குவோம். கூடப் பொறந்த பொறப்பை ஆராச்சும் தலை எண்ணுவாங்களா? அதைச் சொல்றதுக்குள்ள துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு வாசலைத் தாண்டீருச்சு.

அன்னையில இருந்து எல்லாத்துக்கும் வரும். கோகிலா கண்ணாலத்துல முன்ன நின்னு நடத்துச்சு, சீருல ஒரு கொறை வைக்குல. ஆனா எங்க ஊட்டுல சாப்பிடாது. தண்ணிகூட அதும்பட ஊட்டுல இருந்து பாட்டில்ல கொண்டாந்து குடிக்கும். அதுக்கு எழுவது வயசாச்சு, எனக்கு அறுவத்திநாலு. எங்கப்பனாத்தா போன பின்னால பொறந்த ஊடுன்னு எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான். ஒரு வாய் சோறு திங்காமயே நாங்க ரெண்டு பேரும் போய்ச் சேந்துருவமோன்னு எனக்கு நெஞ்சுக்குள்ள அப்படி ஒரு பயமுங்க.

அப்பத்தான் கோகிலா பெங்களூர்ல இருந்து போன் பண்ணினா. "ஆடிப் பதினெட்டுக்கு ஊட்டுலயே எல்லாரையும் கூப்பிடலாம்மா. பந்தி வேண்டாம், பஃபே வைக்கலாம். எலையும் இல்ல, கடைசிப் பந்தியும் இல்ல. மாமா வேணுங்கறதை எடுத்துப் போட்டுச் சாப்பிடட்டும்"னா. எனக்கு அது நெம்பப் புடிச்சுப் போச்சு. அளவு மட்டும் நான் போடறேன் கண்ணுன்னேன். அவ, "ஹலோ, ஹலோ, கேக்கல"ன்னு போனை வச்சுட்டா. போன்ல சிக்னல் இல்லையாட்ட இருக்குது.

பஃபேக்கு அளவு போடறது லேசுப்பட்ட காரியமில்லீங்க தம்பி. பந்தின்னா கரண்டி நம்ம கையில. பஃபேன்னா கரண்டி வர்ற ஒரம்பர கையில. விருந்துக்கு வந்தவங்க கையில கரண்டியைக் குடுத்தா ஏரி மடையைத் தொறந்து விட்ட மாதிரித்தான். அதனால நான் என்ன பண்ணினேன், நாப்பத்திமூணு பேருக்கும் ஒவ்வொருத்தரா போன் போட்டேன். "அரிசிம்பருப்புச் சோறு எத்தனை கரண்டி சாப்பிடுவீங்க, தயிர்ச்சோறு எத்தனை, வடை ஒண்ணா ரெண்டா"ன்னு கேட்டு எழுதிக்கிட்டேன். என்ன மாதிரி சனங்க தெரீமுங்களா? அத்தனை பேரும், "எனக்கென்னங்க, ஒரு கரண்டி போதும்"னாங்க. எங்க ஊட்டுக்காரரோட தங்கச்சி மரகதம், இந்த வாசப்படியில நேரா நுழைய முடியாத ஆளு, "அரைக் கரண்டி போதுங்க அண்ணி"ன்னா. எழுதிக்கிட்டேன். அவங்க வாயால சொன்னதை நான் எப்படி மாத்தறது?

கரண்டியை எல்லாம் கிராமுக்கு மாத்தினேன். பெரியவங்க முப்பத்தஞ்சு பேரு, ஆளுக்கு நூத்தம்பது. அதுல பதினஞ்சு கிராம் கழிச்சேன். ஏன்னு கேளுங்க. நின்னுக்கிட்டுச் சாப்பிடறாங்க, கால் வலிக்கும், நெம்ப நேரம் திங்க முடியாது. கொழந்தைக எட்டு, தலைக்கு நூறு. மொத்தம் அஞ்சரைக் கிலோவும் இருவத்தஞ்சு கிராமும் அரிசி. சக்கரை வியாதி இருக்கறவங்க பதினோரு பேரு, அவங்களைப் பாயசத்துல கழிச்சாச்சு. பல்லு இல்லாதவங்க மூணு பேரு, வடையில பாதி. எங்க ஊட்டுக்காரரு அந்தக் காயிதத்தைப் பாத்துட்டு, "பெட்ரோல் போட்டுட்டு வந்தர்றேன்"னு கிளம்பீட்டாரு. விசேசத்துக்கு இன்னும் நாலு நாளு இருக்குது.

அந்தக் காயிதத்துல மொதப் பேரே எங்கண்ணன் பேருதானுங்க. போன தடவை கணக்குல சேர்த்துலன்னுதானே கோவம்? இந்தத் தடவை மறக்காம சேர்த்திப் போட்டேன். அதுக்கும் போன் பண்ணினேன். "அண்ணா, இந்தவாட்டி உங்களையும் கணக்குல எடுத்துட்டேன். அரிசிம்பருப்பு எத்தனை கரண்டி, வடை எத்தனை?"ன்னேன். அதுக்கு அண்ணன், "எல்லாரையும் இப்படித்தான் கேக்கறயா?"ன்னுச்சு. "ஆமாங்கண்ணா, ஒரம்பர ஒருத்தரு விடாமக் கேட்டுட்டேன்"னேன். "சரி"ன்னு போனை வச்சுருச்சு. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. இனிச் சாப்பிடும்னு நினைச்சுட்டேன்.

இன்னைக்குப் பத்து மணிக்கே வரச் சொல்லியிருந்தேன். பன்னெண்டரைக்கு எல்லாரும் ஒண்ணா வர்றாங்க. எந்தக் காரைத் தொறந்தாலும் ஒரே சோம்பு வாசம். மரகதத்தோட புருசன் இறங்கறப்பவே ஒரு ஏப்பம் விட்டாரு. கார்ல வந்தா சில பேருக்கு வாயு புடிக்கும், பாவம். மரகதம் பேரன், ஆறு வயசு, ஓடி வந்து, "நாங்க மெயின் ரோட்டுல நெய் ரோஸ்ட் சாப்பிட்டம்"னான். மரகதம் அவன் வாயைப் பொத்தி அக்கட்டால இழுத்துட்டுப் போனா. கொழந்தை பசி தாங்காது, அதுல என்னுங்க தப்பு, எதுக்கு வாயைப் பொத்தணும்?

மேசை மேல எல்லாம் வரிசையா வச்சு, கீழ விளக்கெரியுது. ஒருத்தரும் கிட்ட வர்றதில்ல. எல்லாரும் சேர்ல உட்கார்ந்து மேசையைப் பாக்கறாங்க. வாங்க சாப்பிடலாம்னு கையைப் புடிச்சுக் கூப்பிட்டாத்தானே நம்ம சனம் எந்திரிக்கும்? கோகிலா என்னைத் தடுத்துட்டா. "பஃபேன்னா அவங்களாத்தான் எடுத்துக்கணும், கூப்பிடக் கூடாதும்மா"ன்னா. அரை மணி நேரம் அப்படியே போச்சுங்க. அப்புறம் சக்கரை வியாதிக்காரங்க பதினோரு பேரும் எந்திரிச்சாங்க. நேராப் பாயசத்துக்குப் போனாங்க.

நான் காயிதத்தை எடுத்துக்கிட்டு மேசைப் பக்கத்துலயே நின்னேன். சொன்னது மாதிரி எடுக்கறாங்களான்னு பாக்க வேண்டாமுங்களா? "சித்தப்பா, ஒரு கரண்டின்னீங்க, அரைதான் எடுத்திருக்கறீங்க." "மரகதம், அரைன்னு சொன்னயே, அது முக்கால் இருக்குதே." சும்மா ஒரு இதுக்காகத்தான் சொன்னேன். மரகதம் அந்தச் சோத்தை எடுத்த பாத்திரத்துலயே வச்சுட்டா. அவளுக்குப் பின்னால நின்னவங்களும் கொஞ்சங்கொஞ்சமா வச்சுட்டாங்க. கோகிலா வந்து என்னைத் தோளைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி, "அம்மா, நீ சித்த நேரம் ஃபேனுக்கு அடியில உட்காரு"ன்னா. எனக்கு ஒண்ணும் வேர்க்குல, எதுக்குச் சொன்னான்னு தெரியல.

எங்கண்ணன் வந்துச்சுங்க. பழம், பூவு, கோகிலாவுக்குச் சீலை. வந்து போர்ட்டிகோவுல அந்தச் சேர்ல உட்கார்ந்துச்சு. கையில தண்ணி பாட்டில். சன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருக்கறேன், தட்டை எடுக்குதா, தட்டை எடுக்குதான்னு. எடுக்குல. ஒவ்வொருத்தரா வந்து சொல்லிட்டுக் கிளம்பறாங்க. "சாப்பாடு பிரமாதமுங்க, சாப்பாடு பிரமாதமுங்க"ன்னு அத்தனை பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க. அண்ணன் பாட்டிலைத் தொறந்து ரெண்டு மடக்கு குடிச்சுட்டு மறுபடியும் மூடி வச்சுச்சு. எனக்குப் பொக்குன்னு ஆயிருச்சு. மொதப் பேரா எழுதினவளுக்கு இதுதானான்னு ஒரு பக்கம் கோவம், ஒரு பக்கம் அழுகை.

மூணரை மணிக்கு அடுப்படிக்குள்ள போயி அண்டா மூடியைத் தொறந்தேன் பாருங்க. முக்கால் அண்டா சோறு. பக்கத்துல இன்னொரு அண்டா, அதுல கரண்டியே படல. சமையக்காரரு வேலாயுதத்தைக் கூப்பிட்டுக் கேட்டா தலையைச் சொறியறாரு. "அம்மா, நீங்க சொன்னது அஞ்சரைக் கிலோ. அய்யா தனியா வந்து நாலு சேத்திக்கன்னாரு. பாப்பா போன் பண்ணி அஞ்சு சேத்திக்கங்கன்னாங்க. எம்பட மனசு கேக்குல, நானும் ஒரு மூணு போட்டேன்"னாரு. ஒருத்தருக்கொருத்தரு சொல்லிக்காம இப்படிப் பண்ணியிருக்கறாங்க. ஒரு நாளும் பண்ணாத வேலை. இன்னைக்குத்தான் எங்கிருந்தோ இந்தப் புத்தி வந்திருக்குது எங்க ஊட்டுக்காரருக்கு.

அப்படியே செவுத்துல சாஞ்சு தரையில உட்கார்ந்துட்டேன். முப்பத்தோரு வருசம் ஒரு பருக்கை மிஞ்ச விடாதவ. சீலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு அழுதேனுங்க தம்பி, சொல்றதுக்கென்ன வெக்கம். சோத்துக்கு அழுதனா, அண்ணனுக்கு அழுதனான்னு கேட்டீங்கன்னா எனக்கே தெரியாது.

அப்ப அண்ணன் உள்ள வருது. ஒரம்பரயெல்லாம் போன பின்னால ஒதுங்க வைக்கற வேலையை அது எப்பவும் விடாது. பாட்டிலை வெளியிலயே வச்சுட்டு, அந்த மேசைப் பாத்திரத்துல ஒண்ணைத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. எறக்கி வச்சுட்டு அண்டாவைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு.

"அம்மிணி, நீ சாப்பிட்டயா?"

"இல்லீங்கண்ணா."

"மாப்பிள்ளை?"

"அவரும் இல்ல."

"கோகிலா?"

"வந்தவங்களைப் பாக்கறதுக்கே சரியாப் போச்சுங்கண்ணா. நாங்க எங்க சாப்பிடறது?"

"அப்ப ஊட்டாளுக ஒருத்தரும் சாப்பிடுல"ன்னுச்சு. இல்லீங்கன்னேன். அது பின்னால குழாய்க்குப் போயிக் கை காலைக் கழுவிக்கிட்டு வந்து, அடுப்படியில வெறுந்தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்துச்சு. "போடு"ன்னுச்சு.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. "அண்ணா, எந்திரிங்க, மேசையில வைக்கறேன், நல்ல தட்டு எடுத்துட்டு வர்றேன்"னேன். "ஏன், நான் என்ன ஒரம்பரயா?"ன்னு ஒரு அதட்டு அதட்டுச்சு. கையில கிடைச்ச தட்டைக் கழுவி வச்சேன். நாலு நாளைக்கு முன்னாலயே மரியாதையாக் கூப்பிட்டப்பத் திங்காத மனுசன், மூணரை மணிக்கு ஆறிப்போன சோத்துக்கு ஏன் உட்கார்ந்துச்சுன்னு இன்னும் எனக்குப் புரியல. பசிதான், வேற என்னுங்க. காலைல இருந்து ஒண்ணும் திங்குலயாமா. வந்த கூட்டத்துலயே பசியோட வந்தது அது ஒண்ணுதான் போல இருக்குது.

அதைப் பாத்துட்டு எங்க ஊட்டுக்காரரும் பக்கத்துல வந்து உட்கார்ந்தாரு. கோகிலாவும் உட்கார்ந்தா. எனக்கும் ஒரு தட்டை வைக்கச் சொல்லி அண்ணன்தான் சொல்லுச்சு. நாலு பேருக்கும் போட்டேன். அண்ணன் மொத வாயை எடுத்து வச்சுது. நாங்க மூணு பேரும் சோத்துல கை வைக்காம அது வாயையே பாத்துட்டு இருக்கறோம். மென்னுச்சு. முழுங்குச்சு. என்னை நிமிந்து பாத்துச்சு.

"உப்புப் பத்தல"ன்னுச்சு.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். ஒம்பது வருசங்கழிச்சு ஒரு வாய் தின்னுட்டு மொத வார்த்தையே குத்தம். நாப்பது பேரு பிரமாதம்னு சொல்லிட்டுப் போன சோறு. "பத்துலீன்னா எந்திரிச்சுப் போயி எடுத்துப் போட்டுக்கங்க, நான் என்ன பண்றது"ன்னு வாய் தவறிச் சொல்லீட்டேன். சொன்ன பின்னாலதான் பகீர்னுச்சு. கோகிலா என்னை மொறைக்கறா. எங்க ஊட்டுக்காரரு கண்ணை மூடிக்கிட்டாரு. அண்ணன் எந்திரிச்சுச்சு. போச்சு, இதோட போச்சு, இனி இந்த வாசல் மிதிக்காதுன்னு நினைச்சுட்டேன்.

அண்ணன் நேரா அலமாரிக்குப் போச்சு. மேல் தட்டுல மஞ்சப்பொடிக்குப் பின்னால கையை விட்டு உப்பு டப்பாவை எடுத்துச்சு. ஒரு வார்த்தை கேக்குல எங்க இருக்குதுன்னு. வந்து உட்கார்ந்து அதும்பட சோத்துல போட்டுப் பெசஞ்சு, எங்க மூணு பேரு தட்டுலயும் ஒவ்வொரு சிட்டிகை போட்டுட்டு, "இன்னொரு கரண்டி போடு அம்மிணி"ன்னுச்சு.